லிஸ்பனின் கூண்டுச் சுவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பியத் துறைமுக நகரங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், லிஸ்பனில் ஒரு பகல் மட்டுமே கிடைத்தாலும் அதில் பாதியை நகர மையமான பைஷாவுக்கு ஒதுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். சென்ற மே மாதம் நானும் என் மனைவியும் சென்ற கப்பல் பயணத்தில் எங்களுக்கு அங்கே ஒரு பகல் கிடைத்தது. காலையில் பெலெம் போனோம். ஜெரோனிமோஸ் மடாலயத்தின் வாசலில் நின்றபோது எனக்குப் பேச்சே எழவில்லை. ஆற்றங்கரைக் கோபுரமும் அப்படித்தான். பிற்பகலில் உங்கள் சொல்லை நம்பிப் பைஷாவுக்கு வந்தால், ஒரே உயரம், ஒரே சன்னல், ஒரே மாதிரி முகப்பு என்று வரிசை வரிசையாகக் கட்டடங்கள். சிற்பமும் இல்லை, கோபுரமும் இல்லை. வீட்டுவசதி வாரியக் குடியிருப்பைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மனைவி கேட்டாள். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை. அங்கே பார்க்க உண்மையில் என்ன இருக்கிறது? இன்னொரு நாள் வாய்த்தால் எந்த வரிசையில் பார்ப்பது?

எம்.ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள எம்.ஆர்.,

உங்கள் துணைவியார் கேட்டது மிகச் சரியான கேள்வி. பைஷா ஒரு வகையில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பேதான். அரசு திட்டமிட்டு, ராணுவப் பொறியாளர்கள் வரைந்து, சன்னல் சட்டம் முதல் மாடியின் உயரம் வரை எல்லா அளவுகளையும் முன்கூட்டியே வகுத்துக் கட்டிய இடம் அது. அது கட்டப்பட்ட காலம் 18ஆம் நூற்றாண்டு என்பதும், நிலநடுக்கத்தில் இடிந்துபோன ஒரு தலைநகரம் மறுபடியும் அப்படி இடியக்கூடாது என்று கணக்குப்போட்டு அந்தச் சுவர்களுக்குள்ளே மரக்கூண்டு ஒன்றை வைத்தார்கள் என்பதும்தான் நான் அதைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம். ஒரு பொறியாளரை அந்தத் தெருக்களில் நடக்கவிட்டு, கூண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கப்பலுக்குத் திருப்பி அனுப்பிய உங்கள் வழிகாட்டியின் மேல்தான் எனக்கு வருத்தம்.

1755 நவம்பர் 1, கிறித்தவர்களின் அனைத்துப் புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், தேவாலயங்கள் நிரம்பி, பீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் நிலம் அதிர்ந்தது. உயிர் தப்பியவர்களில் பலர் திறந்த வெளியைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள்; முக்கால் மணி நேரத்துக்குள் தேஜோ ஆற்றின் முகத்துவாரம் வழியாக ஆழிப்பேரலை வந்தது. இடிபாடுகளில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆற்றை ஒட்டியிருந்த ரிபெய்ரா அரண்மனையும் அதன் நூலகமும், திறந்து ஏழே மாதம் ஆகியிருந்த இசைநாடக அரங்கமும், இந்தியக் கடல் வணிகத்தின் ஆவணங்கள் இருந்த ‘காசா த இந்தியா’ அலுவலகமும் அழிந்தன. முதலாம் ஜொஸே மன்னர் அன்று காலை குடும்பத்துடன் பெலெமில் இருந்ததால் பிழைத்தார். அதன்பின் கல் கட்டடத்தில் தங்கவே அவர் அஞ்சினார் என்பார்கள். அழூதா குன்றின்மேல் மரத்தால் கட்டப்பட்ட அரண்மனையிலேயே 1777இல் இறக்கும்வரை வாழ்ந்தார்.

நீங்கள் காலையில் பெலெமையும் மாலையில் பைஷாவையும் பார்த்தீர்கள் அல்லவா? ஆறு கிலோமீட்டர் இடைவெளியில் நிலநடுக்கம் பெருமளவு விட்டுவைத்ததையும், முழுவதுமாகத் தின்றுவிட்ட இடத்தில் பின்னால் எழுந்ததையும் பார்த்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்ததுதான் பைஷா வெறுமையாகத் தெரிந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இடிந்த நகரத்தை என்ன செய்வது என்ற கேள்வி, எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த தலைமைப் பொறியாளர் மனுவேல் த மாயாவிடம் வந்தது. 1755 டிசம்பர் 4ஆம் தேதி, அதாவது ஒரே மாதத்தில், அவர் தன் முதல் அறிக்கையை அளித்தார். பழைய நகரத்தை இருந்தபடியே திரும்பக் கட்டுவது. தெருக்களை மட்டும் அகலமாக்குவது. அகலமாக்குவதோடு வீடுகளின் உயரத்தையும் குறைப்பது. எஞ்சியதையும் இடித்துச் சமன்செய்து புதிய வரைபடத்தில் கட்டுவது. இந்த இடத்தை விட்டுவிட்டுப் பெலெம் பக்கம் புதிய நகரம் எழுப்புவது என்று ஐந்து வழிகளை முன்வைத்து, ஒவ்வொன்றின் சாதக பாதகங்களையும் எழுதினார். மதிப்பீட்டுக் குறிப்பு எழுதிப் பழகிய உங்களுக்கு அந்த நடை பிடிக்கும். இதற்கிடையில் அரசு, அளவெடுப்பு முடியும்வரை யாரும் எதையும் கட்டக்கூடாது என்றும், இருக்கும் வீடுகளின் வாடகையை உயர்த்தக்கூடாது என்றும் ஆணையிட்டது. பின்னாளில் ‘பொம்பால் மார்க்விஸ்’ என்ற பிரபுப் பட்டம் பெற்று பொம்பால் என்றே அறியப்பட்ட அமைச்சர் கார்வால்யோ நான்காவது வழியைத் தேர்ந்தெடுத்தார். எவ்ஜேனியோ தொஸ் சாந்தோஸ் வரைந்த திட்டம் 1758இல் ஏற்கப்பட்டது. அவர் 1760இல் இறந்தபின் ஹங்கேரியில் பிறந்த கார்லோஸ் மார்டெல் பணியை முன்னெடுத்தார். மாயாவும் மார்டெலும் லிஸ்பனுக்குக் குடிநீர் கொண்டுவந்த ஆக்வாஸ் லிவ்ரெஸ் கால்வாய்ப் பாலத்தில் முன்பே பணியாற்றியவர்கள். அந்தப் பாலம் 1755இன் அதிர்வில் விழாமல் நின்றது.

இனி கூண்டு. பைஷாவின் ஒரு கட்டடத்தை நெடுக்குவாக்கில் வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளம் கடைகளுக்கானது, கனத்த கல் தூண்கள், அவற்றின்மேல் வளைவுக் கூரைகள். அங்கே மரம் இல்லை. ஈரமும் தீயும் கீழிருந்து மேலே ஏறாமல் இருக்க அந்தக் கற்பகுதி உதவியது. முதல் மாடியிலிருந்து கட்டுமானம் மாறிவிடுகிறது. உட்சுவர் ஒவ்வொன்றும் முதலில் மரச்சட்டமாக எழுகிறது: நிமிர்ந்த கால்கள், படுக்கைச் சட்டங்கள், அவற்றுக்கிடையே உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறிபோல மூலைக்கு மூலை ஓடும் இரண்டு சாய்வுச் சட்டங்கள். துளையும் கழுந்துமாகவும், பாதிக்குப் பாதி வெட்டியும் பொருத்தி, இணைப்புகளில் ஆணி அடித்திருக்கிறார்கள். பிறகு அந்த முக்கோண இடைவெளிகளில் உடைகல்லும் செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் இட்டு நிரப்பி, மேலே பூசிவிட்டார்கள். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஓடும் இந்தச் சுவர்கள் மாடித் தளங்களின் உத்திரங்களோடு கோக்கப்பட்டு, கடைசியில் கூரையின் மரச்சட்டத்தில் போய்ச் சேர்கின்றன. வெளிப்புறக் கல்சுவருக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையில், கல்லுக்குள் நீட்டிய மரத்துண்டுகள் பிடிப்பாக இருக்கின்றன. நிலம் ஆடினால் முகப்புக் கல் தெருவில் சரிந்து விழுந்தாலும், தளங்களையும் கூரையையும் தாங்குகிற மரக்கூண்டு நெளிந்து கொடுத்து நிற்கும் என்பதே அவர்களுடைய எதிர்பார்ப்பு.

இதன் மாதிரி ஒன்றை ஆற்றங்கரைச் சதுக்கத்தில் கட்டி, அதைச் சுற்றிப் படைவீரர்களைக் கால் உதைத்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று ஒரு செய்தி லிஸ்பனில் தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. நடந்ததோ, சொல்லிச் சொல்லி வளர்ந்ததோ, அந்தப் பொறியாளர்கள் எப்படிச் சிந்தித்தார்கள் என்பதற்கு அது பொருத்தமான கதை. 1755க்கு நிகரான அதிர்வு அதற்குப் பிறகு லிஸ்பனைத் தாக்கவில்லை. 1969 பிப்ரவரியில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் நகரத்துக்குப் பெருஞ்சேதம் ஏற்படவில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் இத்தகைய சுவர்களை ஆய்வுக்கூடத்தில் முன்னும் பின்னும் தள்ளிச் சோதித்தபோது, அவை உடைந்து சிதறாமல் கணிசமான அளவுக்கு வளைந்து கொடுப்பதைப் பொறியாளர்கள் கண்டிருக்கிறார்கள். சில உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் ஓரிடத்தில் பூச்சை உரித்து இந்தச் சட்டங்களை வெளியே காட்டியிருப்பார்கள். அப்படி ஒன்றில் காப்பி குடிக்க உட்கார்ந்தால், பெருக்கல் குறியின் நடுவில் இரு சட்டங்களும் ஒன்றையொன்று பாதியாக வெட்டிக்கொண்டு ஒரே தளத்தில் படிந்திருப்பதையும், இடையில் திணித்த காரையில் பழைய ஓட்டுத் துண்டுகள் கிடப்பதையும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். ஊர் இடிந்த குப்பையையே ஊரைக் கட்டப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன ‘ஒரே சன்னல்’ விஷயத்துக்கு வருகிறேன். சன்னலுக்கும் கதவுக்குமான கற்சட்டங்கள், மரவேலை, இரும்புக் கம்பிகள், சுவரோடுகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் வெளியே செய்து கொண்டுவந்து பொருத்தினார்கள். விரைவும் சிக்கனமும் ஒரு காரணம். இன்னொரு காரணம் அரசியல். உயர்குடிப் பிரபுவின் வீடு எது, பஞ்சு வணிகரின் வீடு எது என்று முகப்பைப் பார்த்துச் சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும் என்பதில் பொம்பால் உறுதியாக இருந்தார். தேவாலயங்களுக்குக்கூடத் தெருவின் வரிசையை விட்டு முன்னால் வந்து நிற்க இடம் தரவில்லை. ஆனாலும் தெருவுக்குத் தெரு ஒரு படிநிலை உண்டு. பெரிய தெருக்களில் முதல் மாடிக்குப் பால்கனி இருக்கும், சிறிய தெருக்களில் வெறும் சன்னல்தான். பொற்கொல்லர், வெள்ளிக்கொல்லர், செருப்புத் தைப்பவர், சேணம் செய்பவர் என்று எந்தத் தொழிலுக்கு எந்தத் தெரு என்பதையும் 1760இல் ஆணையாகவே வெளியிட்டார்கள். பெயர்கள் இன்றும் இருக்கின்றன. சேணக்காரர்கள்தான் இல்லை, நினைவுப்பொருள் கடைகள் இருக்கின்றன.

கூரைக்கு மேல் ஒன்றையும் நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. அடுத்தடுத்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள பொதுச்சுவர் ஓட்டுக்கூரையோடு நின்றுவிடாமல், அதற்கும் மேலே எழும்பியிருக்கும். ஒரு வீட்டுக் கூரையில் பற்றிய தீ அடுத்த கூரைக்குத் தாவாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. 1755இல் ஊரை அழித்ததில் அதிர்வைவிடத் தீயின் பங்கு குறைந்ததல்ல என்பதை அவர்கள் மறக்கவில்லை. கீழே தெருவில் நின்றால் இது தெரியாது.

நிலத்துக்குக் கீழேயும் கதை உண்டு. பைஷா ஒரு காலத்தில் ஆற்றின் கிளை புகுந்த பள்ளம். வண்டலும் இடிபாடும் நிரம்பிய ஈரநிலம். ஆகவே பைன் மரக் கம்பங்களை நெருக்கமாக இறக்கி, அவற்றின் மேல் மரச்சட்டம் பரப்பி, அதன் மேல் கல் அடித்தளம் எழுப்பினார்கள். நீருக்குள் அமிழ்ந்திருக்கும்வரை அந்த மரம் உளுக்காது. நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப்பட்டால்தான் ஆபத்து. கொர்ரெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் அகழ்வாய்வு நடந்த இடத்தை வழிகாட்டியோடு இறங்கிப் பார்க்கலாம். அங்கே ரோமானியர் மீனுக்கு உப்பிட்ட கல் தொட்டிகளும், அவற்றுக்கு அருகிலேயே 18ஆம் நூற்றாண்டின் மரக் கம்பங்களும் இருக்கின்றன. மொத்த லிஸ்பனிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த நிலவறை.

இதைச் சொல்லும்போது ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கடைக்கு இடம் வேண்டும் என்று தரைத்தளத் தூண்களை அகற்றியதும், மின்தூக்கிக்காகக் குறுக்குச் சுவர்களை வெட்டியதும் 20ஆம் நூற்றாண்டு முழுக்க நடந்தன. இப்போது விடுதிகளுக்காகச் சில கட்டடங்களில் முகப்பை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. முகப்பில் எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு கட்டடத்தில் முகப்பை மட்டும் காப்பாற்றுவதில் என்ன பொருள் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பெலெமும் பைஷாவும் ஒன்றையொன்று நோக்கி நிற்பது தெரியும். ஜெரோனிமோஸ் மடாலயத்தை முதலாம் மனுவேல் மன்னர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கினார். ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழைநாடுகளிலிருந்தும் வந்த சரக்கின்மேல் விதித்த இருபதில் ஒரு பங்கு வரியே அதற்கு ஆதாரம்.  கீழைநாட்டுச் சரக்கில் ஒரு பகுதி மலபார்க் கரையிலிருந்து பீரங்கிகளின் துணையோடு சென்றது. இரண்டரை நூற்றாண்டு கழித்துப் பைஷாவில், லிஸ்பன் வணிகர்களே முன்வந்து இறக்குமதிச் சரக்கின்மேல் நூற்றுக்கு 4 என்று மீள்கட்டுமானத்துக்குக் கொடுத்தார்கள். அந்த வணிகத்துக்குப் பின்னால் பிரேசில் சுரங்கங்களில் அடிமைகள் தோண்டிய தங்கம் இருந்தது. இரண்டு வரிகளிலும் குருதி உண்டு. அதை மறைத்துக் கட்டடக்கலை மட்டும் பேசுவது நேர்மையாகாது. ஆனால் முதல் வரி ஒரு மன்னரின் கல்லறைக் கோயிலாகவும், இரண்டாவது வரி ஒரு துறைமுகத்தின் சுங்கச்சாவடியாகவும் வணிகக் கூடமாகவும் ஆனது. மனுவேல் தன் அரண்மனையை ஆற்றங்கரையில் மிளகுக் கிடங்குகளை ஒட்டியே கட்டிக்கொண்டார். அந்த அரண்மனை இருந்த இடத்தில் அரண்மனை மறுபடி எழவில்லை. சதுக்கத்துக்கு ‘வணிகச் சதுக்கம்’ என்று பெயர் சூட்டி, சுற்றிலும் அரசு அலுவலகங்களைக் கட்டினார்கள். 1775இல் அங்கே திறந்துவைத்த ஜொஸே மன்னரின் வெண்கலக் குதிரைச் சிலை மட்டும்தான் அரசருக்குக் கிடைத்த பங்கு.

இதனால் ஜெரோனிமோஸை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜொவாவ் டி காஸ்தில்யோ செதுக்கிய தெற்கு வாசல் நீங்கள் பேச்சிழந்து நிற்கத் தகுந்ததுதான். உள்ளே இன்னும் பெரிய வியப்பு உண்டு: எண்கோணத் தூண்கள் தென்னை மரம்போல மெலிந்து உயர்ந்து, நடுக்கூடமும் பக்கக் கூடங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஒரே விலா வளைவுக் கூரையின் கீழ் வந்துவிடுகின்றன. குறுக்குக்கூடத்தின் மேலுள்ள கூரைக்கு நடுவே ஒரு தூணும் கிடையாது. 1755இன் அதிர்வை அந்தக் கூரை தாங்கியது. பீடத்தை ஒட்டிய மன்னர் கல்லறைகளைப் பளிங்கு யானைகள் சுமப்பதைப் பார்த்தீர்களா? பெலெம் கோபுரத்தில் ஒரு காவல் மாடத்தின் அடியில் காண்டாமிருகத் தலை ஒன்று இருக்கிறது. 1515இல் குஜராத்திலிருந்து மனுவேலுக்குப் போய்ச்சேர்ந்த விலங்கின் நினைவு என்பார்கள். மழையும் காற்றும் அரித்து இப்போது கொம்பு இருந்த இடம் மொழுக்கென்று கிடக்கிறது. தமிழர்களுக்கு இங்கே தனியாக ஒரு செய்தியும் உண்டு. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தாங்கி 1554இல் லிஸ்பனில் அச்சான ‘கார்தில்யா’ என்ற கிறித்தவ மறைச்சிறுநூல், அந்த மடாலயத்தின் ஒரு பகுதியை இருப்பிடமாகக் கொண்ட தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது.

பெலெமிலேயே பொம்பாலின் மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். முட்டைப்பால் பணியாரம் விற்கும் பெயர்பெற்ற கடையில் நீங்கள் வரிசையில் நின்றிருப்பீர்கள், எல்லாரும் நிற்கிறார்கள். அந்தக் கடையிலிருந்து சில அடி தூரத்தில் ஒரு சந்துக்குள் ஐந்து வளையங்கள் கொண்ட கல்தூண் ஒன்று இருக்கிறது. மன்னரைக் கொல்லச் சதி செய்தார் என்று அவெய்ரோ கோமகனை 1759இல் கொன்று, அவருடைய மாளிகையை இடித்து, அந்த நிலத்தில் உப்பைத் தூவி, அங்கே இனி எக்காலத்திலும் எதுவும் கட்டக்கூடாது என்று கல்லில் எழுதிவைத்தார்கள். அதே சதியில் குற்றம்சாட்டப்பட்ட தாவோரா என்ற பிரபுக் குடும்பத்தாரும் அதே நாளில் பெலெமில்தான் கொல்லப்பட்டார்கள். லிஸ்பனின் மீள்கட்டுமானம் விரைந்து நடந்ததற்கு, எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் போனதும் ஒரு காரணம். தூணைச் சுற்றி இப்போது வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அடுத்த முறை பெலெமைப் பிற்பகலுக்குத் தள்ளிவிடுங்கள். காலையில் கார்மோ மடத்திலிருந்து தொடங்குங்கள். 1389இல் தொடங்கிய அந்தத் தேவாலயத்தின் கூரை 1755இல் விழுந்தது. திரும்பக் கட்டும் வேலை 1834இல் துறவு மடங்கள் கலைக்கப்பட்டபோது நின்றுவிட்டது. கூரையில்லாத வளைவுகளின் கீழ் நின்றால், நிலநடுக்கத்தைப் பற்றி நான் எழுதியது எல்லாமே தேவையற்றதாகிவிடும். அதன் பக்கத்தில்தான் 1902இல் திறந்த சாந்தா ஜுஸ்தா இரும்பு மின்தூக்கியின் மேல்தளம். ஏறுவதற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டாம்; கார்மோ பக்கமிருந்து நடந்தே மேல்தளத்தை அடையலாம். அங்கிருந்து பைஷாவின் கூரைகளைப் பாருங்கள். ஓடுகளுக்கு மேலே எழும்பும் தீத்தடுப்புச் சுவர்கள் வரிசையாகத் தெரியும்.

கீழே இறங்கியதும் நேரே தெற்கே போகாமல், ரோஸியோ சதுக்கத்தை ஒட்டிய சாவ் தொமிங்கோஸ் தேவாலயத்தில் கால் மணி நேரம் செலவிடுங்கள். 1755இல் இடிந்து, திரும்ப எழுந்து, 1959இல் தீப்பிடித்த இடம் அது. திரும்பத் திறந்தபோது வெடித்துப் பிளந்த தூண்களை மூடி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பிறகு கொர்ரெய்ரோஸ் தெரு நிலவறை. அதற்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. அதன்பின் வணிகச் சதுக்கம்.

சதுக்கத்தின் கிழக்கு மூலையில், சுங்கச்சாவடித் தெருவில், கொன்செய்சாவ் வெல்யா என்று ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. 1755இல் அழிந்த மிசெரிகோர்தியா தேவாலயத்தில் தப்பிய மனுவேல் காலத்து வாசலைக் கொண்டு அதன் முகப்பை அமைத்திருக்கிறார்கள். பழைய கோயிலின் பக்கவாசலாக இருந்தது இங்கே தலைவாசல். மேலே அன்னை மரியா தன் மேலாடையை விரித்திருக்க, அதன் கீழே போப்பும் அரச குடும்பத்தாரும் சாதாரண மக்களும் கைகூப்பி நிற்கிறார்கள். ஜெரோனிமோஸின் அதே காலத்துச் செதுக்கல் வேலை, பொம்பாலின் தெரு வரிசைக்குள் அடங்கி நிற்பதை அங்கே ஒரே பார்வையில் காணலாம். அதற்கு அப்பால் சற்று நடந்தால் ‘காசா தொஸ் பிகோஸ்’ வீடு. இந்தியாவில் போர்த்துக்கீசிய ஆட்சித் தலைவராக இருந்த அல்புகெர்க்கின் மகன் 1523இல் கட்டியது. முகப்பெங்கும் வைரம்போலக் கூராகச் செதுக்கிய கற்கள். மேல் இரண்டு தளங்கள் 1755இல் விழுந்து 1980களில்தான் திரும்ப எழுப்பப்பட்டன.

மதிய உணவுக்குப் பின் வணிகச் சதுக்கத்திலிருந்தே 15ஆம் எண் டிராமில் பெலெம் போய்விடலாம். திங்கட்கிழமையில் மட்டும் இந்தத் திட்டத்தைப் போட்டுக்கொள்ள வேண்டாம். அன்று மடாலயத்துக்கு விடுமுறை. இன்னும் அரை நாள் கூடுதலாகக் கிடைத்தால் தேசிய ஓடு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நிலநடுக்கத்துக்கு முந்தைய லிஸ்பனின் ஆற்றங்கரை முழுவதையும் 1700ஐ ஒட்டி நீல ஓடுகளில் வரைந்த, ஏறக்குறைய 23 மீட்டர் நீளமுள்ள காட்சி அங்கே இருக்கிறது. அதில் ரிபெய்ரா அரண்மனையைக் கண்டுபிடிப்பது எளிது. அரைநாள் இல்லையென்றால் கோபுரத்தின் உள்ளே ஏறுவதை விட்டுவிடலாம். அதன் அழகெல்லாம் வெளியேதான்.

அன்புடன்.